முற்பாதியில் மிச்சம் பிடியுங்கள்

ஊர்மக்கள் கூடி நடத்தும் மவுன்டன் பைக் பந்தயத்துக்கு முதன்முறையாகப் பெயர் கொடுப்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் சைக்கிளைப் பற்றியே இருக்கும். சக்கரம் எத்தனை அங்குலம் இருக்க வேண்டும், சஸ்பென்ஷன் முன்னால் மட்டும் போதுமா, கார்பன் பிரேமுக்குச் செலவழிக்கலாமா என்று கேட்பார்கள். அதற்கடுத்து, வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டிப் பழக வேண்டும் என்பார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் சராசரி ஓட்டுநர் ஒருவர் எல்லைக்கோட்டைத் தொடுவாரா, வழியில் உட்கார்ந்துவிடுவாரா என்பதைத் தீர்மானிப்பது வேறொன்று என்பது என் கருத்து. இருக்கும் பலத்தை அவர் பந்தயத்தின் நீளம் முழுக்க எப்படிப் பங்கிட்டார் என்பதே அது. மெதுவாக ஓட்டியதால் தோற்றவர்களைவிட, வேகமாகத் தொடங்கிப் பிறகு மெதுவாகிப் போனதால் தோற்றவர்களே அதிகம். எனவே தயாரிப்பு, சாப்பாடு, சைக்கிள், பாதையில் நடந்துகொள்ளும் விதம் எல்லாவற்றையும் ஒரே கேள்வியால் அளக்கச் சொல்வேன்: கடைசி மூன்றில் ஒரு பங்குக்கு இது எனக்கு எதை மிச்சம் வைக்கிறது?

இதை விளக்க அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள லெட்வில் ஊரின் பந்தயத்தை எடுத்துக்கொள்கிறேன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் பழைய சுரங்க ஊர் அது. அருகிலிருந்த கிளைமாக்ஸ் மாலிப்டினம் சுரங்கம் 1980-களின் தொடக்கத்தில் மூடப்பட்டபோது ஊரின் பிழைப்பே போனது. அங்கே வேலை பார்த்த கென் க்ளோபர், வெளியூர்க்காரர்களை ஒரு நாளாவது ஊரில் தங்கவைக்க வேண்டும் என்று 1983-ல் 100 மைல் ஓட்டப் பந்தயத்தைத் தொடங்கினார். 1994-ல் அதனுடன் 100 மைல் மவுன்டன் பைக் பந்தயமும் சேர்ந்தது. 2010-ல் ஒரு பெரிய நிறுவனம் இந்தப் பந்தயங்களை விலைக்கு வாங்கியது. ஆனாலும் ஆகஸ்ட் மாதத்தில் அந்த நாளை நடத்திக் கொடுப்பவர்கள் இன்றும் ஊர்க்காரர்களும் தன்னார்வலர்களும்தான். பந்தயத்தையொட்டி ஏற்பட்ட அறக்கட்டளை, உள்ளூர்ப் பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைகளின் மேற்படிப்புக்கு உதவுகிறது. இந்தப் பந்தயத்தின் பரிசு முறை என் வாதத்துக்கு முதல் சான்று. 12 மணி நேரத்துக்குள் முடித்துத் திரும்பும் ஒவ்வொருவருக்கும் ஒரு பெல்ட் பக்கிள் உண்டு. 9 மணி நேரத்துக்குள் வந்தால் பெரிய பக்கிள். முதலில் வருபவருக்குக் கிடைக்கும் மரியாதை தனி என்றாலும், கலந்துகொள்ளும் ஆயிரத்துச் சொச்சம் பேரில் மிகப் பெரும்பாலோருக்குப் போட்டி கடிகாரத்தோடுதான். பக்கத்தில் ஓட்டுபவரை முந்தினீர்களா என்று அந்தப் பரிசு கேட்பதில்லை.

பாதையின் அமைப்பு இரண்டாவது சான்று. போன வழியிலேயே திரும்பி வர வேண்டிய பாதை அது. மொத்தம் 165 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஏறும் உயரத்தையெல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 3,600 மீட்டர். ஊரை விட்டதும் செயின்ட் கெவின்ஸ் என்ற ஏற்றம், பிறகு சுகர்லோஃப் ஏற்றம், அங்கிருந்து மின்கம்பிகளுக்குக் கீழே அரித்துப்போன பள்ளங்களோடு இறங்கும் பவர்லைன் சரிவு. அதன்பின் ஓரளவு சமமான தரையில் ஓடி ட்வின் லேக்ஸ் ஏரிக்கரை. அங்கிருந்து கொலம்பைன் சுரங்கம்வரை ஏறத்தாழ 13 கிலோமீட்டரில் 950 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். 3,750 மீட்டரைத் தாண்டும் அந்த உச்சிதான் திரும்புமிடம். முற்பாதியில் சரிவாக வந்து சிரிக்கவைத்த பவர்லைன், திரும்பும்போது 125 கிலோமீட்டரைத் தாண்டிய நிலையில் ஏற்றமாக எதிரே நிற்கும். அதன் முதற்பகுதியில் சாய்வு 20 சதவீதத்தைத் தாண்டும் இடங்கள் உண்டு. இப்படிப்பட்ட பாதையில் முற்பாதியின் நேரத்தை இரட்டித்து முடிவு நேரத்தைக் கணக்கிடுவது பெரிய பிழை. மேப்பைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது எந்த ஏற்றம் மிகச் செங்குத்தானது என்பதை அன்று. எந்த ஏற்றம் மிகத் தாமதமாக வருகிறது என்பதை. எந்த ஊர்ப் பந்தயமானாலும் இந்த ஒரு கேள்வியோடு பாதையை ஆராய்ந்தால் திட்டத்தில் பாதி தயார்.

உடல் ஏன் பிற்பாதியில் கைவிடுகிறது என்பதற்கும் தெளிவான காரணம் இருக்கிறது. தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படும் மாவுச்சத்து ஏறத்தாழ 400 முதல் 500 கிராம். அதாவது 2,000 கலோரிக்குள். நடுத்தர வேகத்தில் மலையில் ஓட்டும் ஒருவர் மணிக்கு 500 முதல் 700 கலோரிவரை செலவழிக்கிறார். கொழுப்பும் கைகொடுக்கும் என்றாலும், முயற்சி கூடக்கூட உடல் கொழுப்பை விட்டுவிட்டு மாவுச்சத்தையே அதிகம் எரிக்கிறது. இதில்தான் சூட்சுமம். முதல் ஏற்றத்தில் மூச்சுவாங்க மிதிக்கும் 20 நிமிடத்துக்கான விலை அந்த 20 நிமிடத்தோடு முடிவதில்லை. அங்கே எரிந்த மாவுச்சத்து பவர்லைன் அடிவாரத்தில் இல்லாமல் போகும். உயரம் இதை இன்னும் கடுமையாக்குகிறது. லெட்வில்லில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம்தான். கொலம்பைன் உச்சியில் இன்னும் குறைவு. சமவெளியில் சாதாரணமாகத் தோன்றும் அதே மிதி, அங்கே உடலின் உச்சவரம்புக்கு மிக அருகில் போய்விடும். ஆகவே தொடக்கத்தில் நம்ப வேண்டியது மூச்சை. முதல் ஏற்றத்தில் பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். தொடக்கப் பதற்றத்தில் இதயத் துடிப்பு தானாகவே ஏறி நிற்பதால், அந்த நேரத்தில் மணிக்கட்டுக் கருவியைவிட இந்தச் சோதனை நம்பகமானது.

சாப்பாடும் இதே கணக்கில் அடங்கும். நெடும்பந்தயங்களில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்பது பலருக்கும் ஒத்துவரும் அளவு. குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்த உணவாக இருந்து, குடலும் பழகியிருந்தால் 90 கிராம்வரை போகலாம். ஒரு வாழைப்பழத்தில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கும். உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கு, பேரீச்சம்பழம், சர்க்கரையும் உப்பும் கரைத்த தண்ணீர் எல்லாமே வேலை செய்யும். எதைச் சாப்பிடுகிறோம் என்பதைவிட எப்போது என்பது முக்கியம். உயரத்தில் பசி மந்தமாகும். பசித்தபின் சாப்பிடலாம் என்று இருந்தால் நேரம் கடந்துவிடும். கைக்கடிகாரத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிக்கும்படி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் 20 கிராம் உள்ளே போவதை உறுதிசெய்யுங்கள். மண்பாதையில் குலுங்கிக்கொண்டே உறையைப் பிரிப்பது எளிதன்று. எனவே முதல் நாளே உறைகளின் ஓரத்தைக் கிழித்து, ஜெர்சியின் பின்பையில் எடுக்கும் வரிசையில் அடுக்கிவிடுவது நல்லது. தண்ணீர் விஷயத்தில் அளவுக்கு மீறுவதும் ஆபத்து. உப்பில்லாமல் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைசுற்றலும் குழப்பமும் வரலாம். இவை எல்லாவற்றையும் பயிற்சி நாட்களிலேயே சோதித்துவிட வேண்டும். பந்தய நாளில் புதிய ஜெல், புதிய பானம் எதையும் தொடாதீர்கள்.

இதற்கு வரும் முதல் மறுப்பு: மெதுவாகத் தொடங்கினால் குறுகிய பாதையில் கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொள்வோம், பிறகு முந்தவே இடம் கிடைக்காது. இதில் உண்மை இருக்கிறது. லெட்வில்லிலேயே முதல் ஏற்றத்தில் நெரிசல் ஏற்படும். முன்னால் ஒருவர் காலை ஊன்றினால் பின்னால் பத்துப் பேர் இறங்க நேரும். ஆனால் இழப்பை அளந்து பார்க்க வேண்டும். நெரிசலில் போவது சில நிமிடங்கள். அதைத் தவிர்க்க எல்லோரையும் முந்திக்கொண்டு பாய்ந்தால், அந்தச் சில நிமிடங்களை மிகவும் விலையுயர்ந்த பலத்தைக் கொடுத்து வாங்குகிறோம். பாதி வழியில் கால் பிடித்துக்கொண்டால் அரை மணியும் போகும், ஒரு மணியும் போகும். நெரிசலைச் சமாளிக்க வேறு வழிகள் இருக்கின்றன. பந்தயத்துக்கு முன் 15 நிமிடம் மெல்ல ஓட்டி உடலைச் சூடாக்கிக்கொண்டால் தொடக்கத்தில் சீரான வேகம் இயல்பாக வரும். தொடக்கக் கோட்டில் தகுதிக்கேற்ற வரிசையில் நிற்பது அடுத்தது. அகலமான சாலைப் பகுதியில் படிப்படியாக முன்னேறலாம். குறுகிய பகுதியில் இரண்டு சைக்கிள் நீளம் இடைவெளி விட்டால், முன்னால் இருப்பவர் தடுமாறும்போது நாமும் இறங்க நேராது. இடைவெளி விடுவது கோழைத்தனமாகத் தெரியலாம். நின்று மறுபடி கிளம்புவதற்கு ஆகும் பலத்தை அது மிச்சமாக்குகிறது.

இரண்டாவது மறுப்பு மானத்தைப் பற்றியது. சைக்கிள் பந்தயத்துக்கு வந்துவிட்டு ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பதா என்று பலர் கூசுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். 75 கிலோ எடையுள்ள ஒருவர், சைக்கிளும் தண்ணீரும் கருவிகளும் சேர்த்து இன்னொரு 15 கிலோ என வைத்துக்கொள்வோம். 20 சதவீதச் சாய்வில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, புவியீர்ப்பை வெல்ல மட்டுமே சுமார் 240 வாட் வேண்டும். உதிரிச் சரளையின் உராய்வையும் சேர்த்தால் 270-ஐ நெருங்கும். ஏழெட்டு மணி நேரம் ஓட்டிக் களைத்த சராசரி ஓட்டுநரால் 3,000 மீட்டர் உயரத்தில் தொடர்ந்து தர முடிகிற அளவு அதைவிட வெகுவாகக் குறைவு. அதே சாய்வில் மணிக்கு 3.5 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளிக்கொண்டு நடந்தால், ஏறுவதற்கான தேவை ஏறத்தாழ 170 வாட்டுக்கு இறங்குகிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம் 12 நிமிடத்துக்குப் பதில் 17 நிமிடம். இழப்பது 5 நிமிடம். கிடைப்பது, பவர்லைனுக்கு அப்பால் மிச்சமிருக்கும் தூரத்தை மிதித்துக் கடக்கும் கால்கள். நடையையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். சைக்கிள் ஷூவோடு சரளையில் நடப்பது தனிப் பழக்கம். ஒரு கையை ஹேண்டில்பாரிலும் மறுகையை சீட்டின் பின்னாலும் வைத்துத் தள்ளினால் முதுகு வளையாது. சாய்வு குறைந்ததும் தயங்காமல் ஏறி மிதிக்க வேண்டும். நடை சுகமாகிவிட்டதே என்று நீட்டித்தால்தான் அது இழப்பு.

மூன்றாவது மறுப்பு பணத்தைக் கையில் வைத்திருப்பவர்களுடையது: எடை குறைந்த சைக்கிள் வாங்கினால் இந்தப் பாடெல்லாம் எதற்கு? மேலே சொன்ன 90 கிலோவில் ஒரு கிலோவைக் குறைத்தால் ஏற்றத்தில் கிடைக்கும் லாபம் ஒரு சதவீதத்துக்குச் சற்று அதிகம். ஏற்றங்களில் மட்டும் 6 மணி நேரம் போகிறது என்றால் மிச்சம் சுமார் 4 நிமிடம். வழியில் ஐந்து முறை நின்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் 8 நிமிடம் செலவழிப்பவர், அதை 3 நிமிடமாகச் சுருக்கினால் 25 நிமிடம் மிச்சமாகும். அதற்குக் காசே வேண்டாம். எந்த நிறுத்தத்தில் எதை எடுக்கப் போகிறோம் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டினால் போதும். சைக்கிளில் பணம் போடத்தான் வேண்டும் என்றால் டயரில் போடச் சொல்வேன். சீலன்ட் ஊற்றிய டியூப்லெஸ் டயர் சிறு முள் குத்தலைத் தானாகவே அடைத்துக்கொள்ளும்; காற்றழுத்தத்தைக் குறைத்து ஓட்டவும் இடம் தரும். கரடுமுரடான தரையில் கல்போல் இறுகிய டயர் ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளி வேகத்தைக் கொட்டிவிடும். சற்று மெத்தென்ற டயர் கல்லை விழுங்கிக்கொண்டு உருளும், கைக்கும் முதுகுக்கும் வரும் அதிர்ச்சியையும் குறைக்கும். எட்டு மணி நேர அதிர்ச்சியில் தளர்ந்த கை, கடைசிச் சரிவில் பிரேக்கைச் சரியாகப் பிடிக்காது. இதுவும் கடைசிப் பங்குக்கான சேமிப்புதான். கூடவே ஓட்டையடைக்கும் பிளக், ஒரு மாற்று ட்யூப், சிறிய பம்ப், செயினை இணைக்கும் குவிக் லிங்க், மல்டி டூல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, அவற்றை வீட்டு வாசலில் உட்கார்ந்து பயன்படுத்திப் பழகியிருக்க வேண்டும்.

நான்காவது மறுப்பு எல்லாவற்றிலும் வலுவானது. இப்படி அடக்கியே ஓட்டினால் அதற்குப் பந்தயம் என்று ஏன் பெயர், நம் எல்லை எது என்று எப்போது தெரிந்துகொள்வது என்பார்கள். அடக்கம் நான் முற்பாதிக்கு மட்டும் சொல்வது. கடைசிப் பங்கில் கையிருப்பை முழுக்கச் செலவழியுங்கள். அங்கேதான் எல்லை தெரியும். தொடக்கத்தில் பாய்ந்து பிறகு துவண்டவர் கண்டது தன் எல்லையை அன்று, தன் கணக்குப் பிழையை. லெட்வில்லில் 2003 முதல் 2008 வரை தொடர்ந்து ஆறு முறை வென்றவர் டேவ் வீன்ஸ். ஏறத்தாழ 2,350 மீட்டர் உயரத்தில் இருக்கும் கனிசன் ஊரில் வாழ்பவர். 2008-ல், 44 வயதில், அன்று ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களை வைத்திருந்த லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கைச் சுமார் இரண்டு நிமிட வித்தியாசத்தில் இரண்டாம் இடத்துக்குத் தள்ளினார். ஆம்ஸ்ட்ராங்கின் அந்தப் பட்டங்கள் ஊக்கமருந்துக் குற்றத்துக்காக 2012-ல் பறிக்கப்பட்டன. அந்த 2008 பந்தயத்தின்போது அவர் ஓய்வில் இருந்தவர்; மறு ஆண்டே வந்து வென்றும் போனார். ஆகவே ஒரு முடிவை மட்டும் வைத்துப் பெரிய விதி எழுத முடியாது. ஆனால் ஆறு ஆண்டுகள் தொடர்ந்த வெற்றி தற்செயல் ஆகாது. உயரத்துக்குப் பழகிய உடலும் பாதையை அங்குலம் அங்குலமாக அறிந்த அனுபவமும் வயதையும் புகழையும் ஈடுகட்டின என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன். சமவெளியிலிருந்து மலைப் பந்தயத்துக்குப் போகிறவர்கள் முடிந்தால் இரண்டு வாரம் முன்னதாகவே போய்த் தங்க வேண்டும். முடியாதவர்கள் தங்கள் இலக்கு நேரத்தை நேர்மையாகத் தளர்த்திக்கொள்ள வேண்டும்.

100 மைல் பந்தயத்தின் பாடம் 30 கிலோமீட்டர் ஊர்ப் பந்தயத்துக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். முழுக்கப் பொருந்தாது. ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற பந்தயத்தில் மாவுச்சத்துக் கையிருப்பு தீர்ந்துபோவதில்லை, எனவே சாப்பாட்டுக் கணக்கு அவ்வளவு முக்கியமில்லை. தொடக்க இடம் பிடிப்பது அங்கே கூடுதல் மதிப்புள்ளது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முதல் பத்து நிமிடத்தில் மூச்சுத் திணற ஓட்டியவர் அடுத்த அரை மணி நேரம் அதற்கு வட்டி கட்டுவது அங்கேயும் நடக்கிறது. சுற்றுகளாக ஓட்டும் பந்தயமானால் சோதிக்க எளிய வழி உண்டு. ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் குறித்து, முதல் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். அடுத்த பந்தயத்துக்கான இலக்கு, முதல் சுற்றை வேகமாக்குவதாக இருக்க வேண்டாம். அந்த வித்தியாசத்தைக் குறைப்பதாக இருக்கட்டும். பயிற்சியிலும் அப்படியே. நீண்ட ஓட்டத்தின் முடிவில் ஓர் ஏற்றத்தையும் ஒரு கரடான சரிவையும் வேண்டுமென்றே வைத்துக்கொள்ளுங்கள். களைத்த நிலையில் பிரேக் பிடிக்கவும் திரும்பவும் பழகியவர் பந்தய நாளில் விழ மாட்டார்.

கடைசியாக, இந்தச் சிக்கனம் நமக்காக மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கொலம்பைன் ஏற்றத்தின் மேற்பகுதியில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒரே குறுகிய தடத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். முழு வேகத்தில் இறங்கி வருபவருக்கு வழிவிட்டு, ஏறுகிறவர் வலது ஓரமாக ஒதுங்கி நேர்க்கோட்டில் போக வேண்டும். பலம் முழுவதும் தீர்ந்துபோனவரால் நேர்க்கோடு பிடிக்க முடியாது. அவர் தடத்தின் குறுக்கே தள்ளாடும்போது ஆபத்து இரண்டு பேருக்கு. பிற்பகலில் மலையில் இடியும் மழையும் வரும் நாட்களில், மெல்லிய மழைச்சட்டையும் இல்லாமல் குளிரில் நடுங்கி உட்கார்ந்துவிடும் ஒருவருக்காகத் தன்னார்வலர்கள் மற்றவர்களை விட்டுவிட்டு ஓடி வர வேண்டியிருக்கும். சம்பளமில்லாமல் காலையிலிருந்து மேசைக்குப் பின்னால் நின்று தண்ணீர் ஊற்றித் தருகிறவர்கள் அவர்கள். உறையைப் பாதையில் எறியாதீர்கள், வழி கேட்பவருக்கு முதல் வசதியான இடத்திலேயே வழிவிடுங்கள், விழுந்தவரைப் பார்த்தால் நின்று விசாரியுங்கள், பாதியில் விலகினால் நிறுத்தத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் இருட்டில் உங்களைத் தேடி ஆள் அனுப்ப வேண்டியிருக்கும். இதையெல்லாம் செய்வதற்கும் உடலிலும் மனத்திலும் கொஞ்சம் மிச்சம் வேண்டும். முதல் பந்தயத்துக்குப் போகிறவர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான்: முற்பாதியில் உங்களை முந்துகிறவர்களை முந்தவிடுங்கள். பிற்பாதியில் அவர்களில் பலரைப் பார்ப்பீர்கள். அப்போது நலம் விசாரித்துவிட்டுக் கடந்து போங்கள்.